உதகையில் ஒரு நூலகம், ஓர் அருங்காட்சியகம், ஒரு பூங்கா

உதகமண்டலத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அரசு தாவரவியல் பூங்காவின் புல்வெளியில் படம் எடுத்துக்கொண்டு அடுத்ததாகப் படகு இல்லத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். சுற்றுலா வேனில் வருகிறவர்களுக்குக் கிடைக்கும் நேரத்தில் அதற்கு மேல் முடியாதுதான். ஆயினும் நீலகிரி நூலகம், முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மைய அருங்காட்சியகம், தாவரவியல் பூங்கா என்ற வரிசையில் இம்மூன்றையும் பார்ப்பவருக்கு, கடைசியில் வரும் பூங்கா முற்றிலும் வேறாகத் தெரியும் என்பது என் கருத்து.

நீலகிரி நூலகம் 1859இல் தொடங்கப்பட்டது. இப்போதுள்ள கட்டடத்தை வடிவமைத்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லத்தைக் கட்டிய அதே ராபர்ட் சிஷோம். உயரமான கூரையும் கூர்முனை வளைவு கொண்ட பெரிய சாளரமும் உள்ள வாசிப்புக்கூடமே தனியாக ஒரு முறை வந்து பார்க்கத் தக்கது. கோடைதோறும் சென்னை மாகாண அரசாங்கமே மலையேறி வந்த காலத்தில் சேர்ந்த நூல்கள் என்பதால், மலையின் வேட்டை, காடு, மக்கள், பயிர் பற்றிய பழைய ஆங்கில நூல்களே இங்கு முதன்மை; தமிழ் நூல்களைத் தேடி வருகிறவர்களுக்கு இது ஏற்ற இடமன்று. உறுப்பினர்களுக்கான நூலகமாகையால், வெளியூர்க்காரர்கள் முன்கூட்டியே அனுமதியும் கட்டணமும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

உதகையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது பாலாடா. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு பழங்குடியினரின் கருவிகளும் அணிகலன்களும் உடைகளும் இங்கு உள்ளன. அவசரமாகப் பார்த்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் பூத்துக்குளி எனப்படும் தோடர்களின் போர்வையின் முன் மட்டும் சற்று நேரம் நிற்க வேண்டும். கெட்டியான வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக ஓடும் அந்தப் பூவேலை, தறியில் நெய்தது போலத் தோன்றினாலும், துணியில் எதையும் வரைந்துகொள்ளாமல், இழைகளை எண்ணி எண்ணி ஊசியால் போட்டது. முன்பக்கம், பின்பக்கம் இரண்டுமே பார்க்கத் தகுந்தவை. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற இவ்வேலையை, ஓவியங்களுக்குக் கொடுக்கும் மதிப்போடு பார்க்க வேண்டும் என்பேன்.

தாவரவியல் பூங்காவின் பரப்பு சுமார் 22 ஹெக்டேர். ஐரோப்பியக் குடியிருப்பாளர்கள் சந்தா சேர்த்துக் காய்கறி பயிரிட்ட நிலத்தை, 1848இல் வந்த வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் பூங்காவாக மாற்றினார். பின்னாளில் நீலகிரியின் சின்கோனாத் தோட்டங்களை வளர்த்தவரும் இவரே. மலேரியாவுக்கு மருந்தாகும் கொயினாவைத் தரும் அம்மரத்தின் பட்டையை, மரத்தை வெட்டாமல் நீளக் கீற்றுகளாக உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் மூடினால் புதுப்பட்டை வளரும் என்று கண்டு நடைமுறைப்படுத்தியவர் என்பதை அறிந்தபின், இங்குள்ள அயல்நாட்டு மரங்கள் வெறும் அலங்காரமாகத் தோன்றுவதில்லை.

எனவே மலர்ப் பாத்திகளை விட்டுவிட்டு மரங்களிடம் செல்லுங்கள். சிலி நாட்டிலிருந்து வந்த குரங்கு ஏறா மரத்தின் இலைகள் தடித்து, முக்கோணமாக, ஒன்றன்மேல் ஒன்று படிந்து, நுனியில் முள்ளாக முடிகின்றன. தொட்டுப் பார்த்தால் பெயர்க்காரணம் விளங்கிவிடும். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள் பழமையானதாகச் சொல்லப்படும், கல்லாக மாறிய மரத்துண்டையும் பாருங்கள். இதற்குள்ளேயே இருக்கும் இத்தாலியப் பூங்கா எனக்கு அவ்வளவாகச் சுவைக்கவில்லை. 1896 முதல் நடந்துவரும் மே மாத மலர்க் கண்காட்சி கண்ணுக்கு விருந்துதான். ஆனால் மரங்களை நின்று பார்க்க வருகிறவர்களுக்கு அந்த வாரக் கூட்டம் ஒத்துவராது.

கால் வலித்தாலும் பூங்காச் சரிவின் மேல்தட்டு வரை ஏறுங்கள். அங்கே மந்து எனப்படும் தோடர் குடியிருப்பு ஒன்று உள்ளது. அரைவட்டமாக வளைந்த கூரையும், குனிந்து தவழ்ந்தே நுழையக்கூடிய சிறிய வாசலும் கொண்ட வீட்டமைப்பை அங்கு காணலாம். மக்கள் வாழும் இடம் என்பதால் கேட்காமல் படம் எடுப்பது முறையன்று.

சொந்த வாகனத்தில் வருகிறவர்கள் இ-பாஸ் பதிவு செய்துகொண்டே புறப்பட வேண்டும். நெகிழித் தண்ணீர்ப் புட்டிகளுக்கு மாவட்டத்தில் தடை இருப்பதால் வீட்டிலிருந்தே எவர்சில்வர் புட்டியில் தண்ணீர் கொண்டுவருவது நலம்.