லாக்அவுட் கிட்: பூட்டு அருமை, மற்றதெல்லாம் பார்த்து வாங்குங்கள்

மெயின்டனன்ஸ் ஆட்களுக்கென்று மொத்தமாக ஒரு சிவப்புப் பையில் போட்டு விற்கும் லாக்அவுட் கிட்டை வாங்கலாமா என்று கேட்டால் என் பதில் இதுதான்: பூட்டுகளையும், ஒரே இடத்தில் பல பேர் பூட்டுப் போட உதவும் ஹாஸ்ப்பையும் வாங்குங்கள், மீதியை உங்கள் கட்டடத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத் தனித்தனியாக வாங்குங்கள். எங்கள் பையின் மேல் ‘பராமரிப்புக்குத் தேவையான அனைத்தும்’ என்று அச்சடித்திருந்தது. அனைத்தும் இல்லை. பாதி நன்றாக இருக்கிறது, கொஞ்சம் சுமார், மிச்சம் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவதற்காகப் போட்டது.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பம்பையோ ஃபேனையோ கன்வேயரையோ பிரிக்கும்போது அதற்கு வரும் மின்சாரம், காற்று, தண்ணீர், நீராவி எல்லாவற்றையும் வரும் இடத்திலேயே அடைத்து, அடைத்த இடத்தில் வேலை பார்ப்பவர் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது லாக்அவுட். பெயர், தேதி, காரணம் எழுதிய அட்டையைத் தொங்கவிடுவது டேக்அவுட். அட்டை மட்டும் தொங்கினால் அவசரத்தில் வருகிறவர் அதைக் கழற்றிவிட்டு பிரேக்கரைத் தூக்கிவிடலாம், பூட்டு தொங்கினால் முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம். மெஷின் ஓட்டுபவருக்கு மூடி இருக்கிறது, சென்சார் இருக்கிறது, கதவைத் திறந்தால் நின்றுவிடும் ஏற்பாடு இருக்கிறது. அந்த மூடியைக் கழற்றி உள்ளே கையை விடுவதே நம் வேலை என்பதால் நமக்கு அது எதுவும் உதவாது. அமெரிக்காவின் வேலையிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 1989-ல் இதற்கென்றே 1910.147 என்று தனி விதி கொண்டுவந்தது. அதை ஒழுங்காகப் பின்பற்றினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 120 சாவுகளும் 50,000 காயங்களும் தவிரும் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

சரி, பூட்டுக்கு வருவோம். உடம்பு பிளாஸ்டிக், வளையம் 6 மில்லிமீட்டர் ஸ்டீல், 38 மில்லிமீட்டர் உயரம். கையில் எடுத்தால் விளையாட்டுச் சாமான் மாதிரி லேசாக இருக்கிறது, முதலில் எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். திருடனைத் தடுக்கும் பூட்டில்லை இது, தெரியாமல் வந்து ஸ்விட்சைப் போடுகிறவரைத் தடுக்கும் பூட்டு, அதற்கு இந்தப் பலம் போதும். பேனலுக்குள் மாட்டும்போது உடம்பு மின்சாரத்தைக் கடத்தாது என்பது பெரிய நிம்மதி. வளையம் 6 மில்லிமீட்டராக இருப்பதும் யோசித்துச் செய்தது, ஏனென்றால் பெரிய பிரேக்கரான எம்.சி.சி.பி.யின் கதவுக் கைப்பிடியிலும், திருகி மின்சாரத்தைத் துண்டிக்கும் ரோட்டரி ஐசொலேட்டரிலும் பூட்டுக்கென்று விட்டிருக்கும் துளைகள் சின்னவை, வீட்டுப் பூட்டு அதில் நுழையாது. இன்னொரு நல்ல விஷயம், திறந்திருக்கும்போது சாவியை உருவ முடியாது. பூட்டைப் பூட்டினால்தான் சாவி வெளியே வரும், ஆகவே பூட்டாமல் சும்மா மாட்டிவிட்டுச் சாவியோடு போய்விட்டேன் என்ற கதையே நடக்காது. கூலிங் டவர் பக்கம் எப்போதும் ஈரம் என்பதால் அங்கே மாட்டிய பூட்டுகளின் வளையத்தில் துரு பிடிக்க ஆரம்பித்தது. வெளிப்புற வேலை அதிகம் இருந்தால் ஸ்டெயின்லெஸ் வளையம் கேட்டு வாங்குங்கள்.

சாவியில்தான் எனக்குக் கோபம். ஒவ்வொரு பூட்டுக்கும் தனிச் சாவி என்றுதான் ஆர்டரில் எழுதினோம். வந்த பூட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில் ஒருவருடைய சாவி இன்னொருவருடைய பூட்டைத் திறந்தது. விற்றவரிடம் கேட்டால் ‘எப்போதாவது அப்படி வரும் சார், மாற்றித் தருகிறோம்’ என்கிறார். எப்போதாவது வருகிற விஷயமா இது? மாற்றித் தந்தார்கள், அதை மறுக்கவில்லை, ஆனால் நாங்கள் சோதித்திருக்காவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. நீங்கள் எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் எல்லாச் சாவியையும் எல்லாப் பூட்டிலும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஆட்களுக்குக் கொடுங்கள். கூடவே கேட்காமலே ஒரு மாஸ்டர் சாவியும் அனுப்பியிருந்தார்கள், மேனேஜருக்கு வசதியாக இருக்குமாம். மேனேஜருக்கு வசதி, உள்ளே கை வைத்திருப்பவருக்கு? ஒரு ஆள், ஒரு பூட்டு, ஒரு சாவி என்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிரே, மாஸ்டர் சாவி ஒன்று அலுவலக டிராயரில் கிடந்தால் எல்லாப் பூட்டும் அலங்காரம்தான். மாஸ்டர் வேண்டாம் என்று ஆர்டரிலேயே எழுதுங்கள்.

ஹாஸ்ப் பற்றிக் குறையே இல்லை. கத்தரிக்கோல் மாதிரி திறந்து ஐசொலேட்டர் துளையில் மாட்டி மூடினால் ஆறு துளைகள் வரிசையாக நிற்கும், ஆறு பேர் தங்கள் தங்கள் பூட்டைப் போடலாம், கடைசி ஆள் பூட்டை எடுக்கும் வரை ஹாஸ்ப் திறக்காது. எலெக்ட்ரீஷியன் வேலையை முடித்துப் போய்விட்டாலும் ஃபிட்டர் இன்னும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார் இல்லையா, அதற்குத்தான் இது. ஆறுக்கு மேல் ஆள் வந்தால் கடைசித் துளையில் இன்னொரு ஹாஸ்ப்பைக் கோர்த்துக்கொள்ளலாம். கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் தனிப் பூட்டு கொடுங்கள். எங்கள் பூட்டு போட்டிருக்கிறது, நீங்கள் கவலைப்படாமல் வேலை பாருங்கள் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை, அவருடைய கைக்கு அவருடைய பூட்டுதான் காவல்.

சின்ன பிரேக்கரான எம்.சி.பி.யைப் பூட்டும் கிளிப்புகள்? அப்புறம் சொல்கிறேன் என்று தள்ளிப்போடத் தோன்றுகிறது. பையில் மூன்று வகை வருகிறது. பிரேக்கர் நெம்புகோலுக்கு இரண்டு பக்கமும் சின்னத் துளை இருந்தால் அதற்குள் ஊசி நுழையும் வகை, துளை வெளிப்பக்கம் இருந்தால் வெளியே விரிந்து பிடிக்கும் வகை, பல துருவ பிரேக்கரின் நெம்புகோல்களை இணைக்கும் பட்டையின் மேல் உட்காரும் வகை. எந்த பிரேக்கருக்கு எது என்பது பிரேக்கர் செய்த கம்பெனியைப் பொறுத்தது. பழைய கட்டடத்தில் மூன்று நான்கு கம்பெனி பிரேக்கர்கள் கலந்து கிடக்கும், எங்கள் பேனல் ஒன்றில் கிளிப் உட்காரவே மறுத்தது. உட்கார்ந்த இடத்திலும் கிளிப் கொஞ்சம் அகலம், பக்கத்து பிரேக்கரின் மேல் ஏறிவிடுகிறது, பூட்டு தொங்கும்போது பேனல் கதவு மூடாது. கதவு திறந்திருக்கும் பேனல் அதுவே ஒரு ஆபத்து. ஆகவே கிட்டில் வந்ததை நம்பாமல் உங்கள் பிரேக்கர் மாடலைப் படம் எடுத்துக்கொண்டு அதே கம்பெனியின் பூட்டுத் துணைக்கருவியைக் கேளுங்கள், பலரும் விற்கிறார்கள்.

வால்வு மூடிகள்தான் பையில் பாதி இடத்தை அடைக்கின்றன, ஆனால் அவை எல்லாம் கேட் வால்வுச் சக்கரத்தை இரண்டு பாதியாக மூடிப் பூட்டுபவை. ஏ.சி.க்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் பிளான்ட்டில் நடந்து பாருங்கள், கண்ணில் படுவதில் பெரும்பகுதி லீவர் வைத்த பட்டர்ஃபிளை வால்வு. அதற்கு ஒன்று கூட இல்லை! பந்து வால்வுக்கான ஒரு பூட்டு வந்தது, சின்னக் குழாய்க்கு நன்றாகவே பிடிக்கிறது. கேட் வால்வு மூடியிலும் ஒன்றைப் பார்க்க வேண்டும்: திருகும்போது தண்டு மேலெழும் வால்வாக இருந்தால் மூடியின் நடுவில் உடைத்து எடுக்கும் துளை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூடி உட்காராது. எங்களுடையதில் இருந்தது, அதற்கு ஒரு சபாஷ். பட்டர்ஃபிளை வால்வுக்கு இப்போதைக்குப் பையில் வந்த கேபிளைச் சுற்றிப் பூட்டுகிறோம். கேபிள் நன்றாக இருக்கிறது, பிளாஸ்டிக் உறை போட்ட இரும்புக் கம்பி, ஒரே கேபிளில் நான்கைந்து வால்வுகளைக் கோர்க்கலாம். தொய்வு இல்லாமல் இழுத்துக் கட்ட வேண்டும், தொய்வு இருந்தால் லீவர் கால்வாசி திரும்பிவிடும், கால்வாசி திரும்பினாலே தண்ணீர் வந்துவிடும்.

கடுப்பேற்றிய சாமான் ஒன்று உண்டு, எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன் மேல் போட்டுப் பூட்டும் கண்ணாடி மாதிரியான மூடி. பார்க்க அழகு. ஆனால் எமர்ஜென்சி ஸ்டாப், செலக்டர் ஸ்விட்ச், ஸ்டார்ட் ஸ்டாப் பட்டன் எல்லாம் கட்டளை கொடுக்கும் கண்ட்ரோல் சர்க்யூட்டைத்தான் வெட்டுகின்றன, மோட்டாருக்குப் போகும் பவர், அதை இணைத்துத் துண்டிக்கும் ஸ்விட்சான கான்டாக்டர் வரை வந்து காத்துக்கொண்டுதான் இருக்கும். கான்டாக்டரின் முனைகள் ஒட்டிக்கொண்டால் பட்டனைப் பூட்டி என்ன பயன்? ஓஷா விதியும் இவற்றை ஐசொலேஷன், அதாவது மின்சாரத்தை வரும் இடத்திலேயே துண்டிப்பது, என்று ஏற்பதில்லை. கிட்டில் இது இருப்பதாலேயே புதிதாக வரும் பையன் இதைப் பூட்டிவிட்டு உள்ளே கை வைப்பான், அதனால் எங்கள் பையிலிருந்து இதை எடுத்துவிட்டோம்.

அட்டைகள் ஒப்பேற்றலாம். தடித்த பிளாஸ்டிக், கிழியவில்லை. எழுதியதுதான் எண்ணெய்க் கை பட்டதும் அழிகிறது, நல்ல மார்க்கர் தனியாக வேண்டும். அட்டையைத் தொங்கவிடத் தந்த நூலைத் தூக்கிப் போடுங்கள், விதிப்படி அது ஒருமுறை மட்டும் பயன்படுத்தக்கூடியதாக, குறைந்தது ஏறத்தாழ 23 கிலோ இழுவையைத் தாங்குவதாக இருக்க வேண்டும், நைலான் கேபிள் டை போதும். வேலை செய்பவர்கள் படிக்கும் மொழியில் அட்டை இல்லாவிட்டால் அச்சடித்துக் கொள்ளுங்கள்.

இனி பையில் இல்லாதவை, இதுதான் எனக்கு முக்கியம். வோல்டேஜ் இருக்கிறதா என்று பார்க்கும் கருவி ஒன்றும் இல்லை. பூட்டிய பிறகு மின்சாரம் போய்விட்டது என்று நிரூபிக்காமல் பூட்டு போட்டதில் அர்த்தமே இல்லை, ஏனென்றால் பழைய பேனல்களில் பெயர்ப் பலகை ஒன்று சொல்லும், கேபிள் வேறெங்கோ போகும். இரண்டு முனையால் தொட்டு அளக்கும் டூ போல் டெஸ்டர் வேண்டும். முதலில் பவர் இருப்பது தெரிந்த இடத்தில் டெஸ்டர் வேலை செய்கிறதா என்று பார்த்து, அடுத்து நாம் கை வைக்கப் போகும் இடத்தில் பார்த்து, மறுபடி தெரிந்த இடத்தில் பார்க்க வேண்டும், நடுவில் டெஸ்டரே செத்துப்போயிருக்கலாம். ஒயர் மேல் வைத்தால் விளக்கெரியும் பேனா டெஸ்டர் டி.சி.யைக் காட்டாது, கவசம் போட்ட கேபிளிலும் ஏமாற்றும், அதை நம்பிக் கை வைக்க வேண்டாம். அளந்து பார்த்தபின் ஸ்டார்ட் பட்டனையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், கிளம்பவில்லை என்று தெரிந்ததும் மறக்காமல் ஆஃப் நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

கட்டடப் பராமரிப்பில் இன்னொரு தொல்லை, யாரும் தொடாமலே கிளம்பும் மெஷின்கள். கட்டடத்தின் மெஷின்களைக் கம்ப்யூட்டர் வழியாக ஓட்டும் பி.எம்.எஸ். நேரம் பார்த்து, ஏ.சி. காற்றை அனுப்பும் ஏ.ஹெச்.யு.வை ஓட்டும், அழுத்தம் குறைந்தால் ஃபயர் பம்ப் தானே கிளம்பும், மெயின் போனால் ஜெனரேட்டர் உறுமும். ஜெனரேட்டரில் பேட்டரியின் இணைப்பையும் கழற்றிப் பூட்ட வேண்டும், பிரேக்கர் மட்டும் போதாது. ஃபயர் பம்ப்பை நிறுத்தினால் கட்டடத்துக்கே தெரிவித்து மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும். காற்றுக் குழாயான டக்டில் வேறொரு ஃபேன் ஓடினால் மின்சாரமே இல்லாத ஃபேனும் காற்றில் சுற்றும், காற்றை அடைக்கும் தகடான டேம்பரை மூடிச் சக்கரத்தைக் கட்டைகொண்டு நிறுத்தாமல் பெல்ட் மாற்றக் கூடாது. மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி.யை ஆஃப் செய்தாலும் உள்ளே கெப்பாசிட்டர்களில் உயிரை வாங்கும் வோல்டேஜ் சில நிமிடம் தங்கும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று மூடியிலேயே எழுதியிருக்கும். கம்ப்ரஸ்டு ஏர் லைனில் வால்வை மூடியதோடு நிற்காமல் உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றி கேஜ் பூஜ்யத்துக்கு வந்ததைப் பார்க்க வேண்டும். இதெல்லாம் பையில் எங்கே வரும் என்று கேட்காதீர்கள், வராது, ஆனால் கூடவே வரும் வழிகாட்டித் தாளில் ஒரு பக்கமாவது ஒதுக்கியிருக்கலாம். அதில் பூட்டு போடும் படம்தான் இருக்கிறது.

குரூப் பெட்டியும் தனியாக வாங்கினோம். சில்லர் ஓவர்ஹால் மாதிரி பல இடங்களில் பூட்டு போடும் வேலையில் அந்தச் சாவிகளையெல்லாம் பெட்டிக்குள் போட்டு, ஒவ்வொருவரும் தன் பூட்டைப் பெட்டியின் மேல் போடுவது. பத்து இடத்துக்குப் பத்துப் பேர் நடக்க வேண்டாம். ஷிப்ட் மாறும்போது வருகிறவர் தன் பூட்டைப் போட்ட பிறகே போகிறவர் தன்னுடையதை எடுக்கிறார், இதில் விட்டுக்கொடுப்பதில்லை. ஒருவர் பூட்டை எடுக்க மறந்து வீட்டுக்குப் போய்விட்டால் அவர் வளாகத்தில் இல்லை என்று உறுதி செய்து, அவரைத் தொடர்புகொள்ள எல்லா முயற்சியும் செய்து, மெஷின் பக்கம் யாரும் இல்லை என்று பார்த்து, பொறுப்பாளர் எழுத்தில் ஒப்புக்கொண்டு வெட்டுகிறார். மறுநாள் அவர் வேலையைத் தொடங்குவதற்கு முன் அவரிடம் சொல்லியாக வேண்டும்.

ஆக, எனக்கு ஐந்துக்கு மூன்று. பூட்டு, ஹாஸ்ப், கேபிள், பந்து வால்வுப் பூட்டுக்காக மூன்று. சாவிக் குளறுபடிக்கு ஒன்றும், பட்டன் மூடிக்கும் பட்டர்ஃபிளை வால்வு இல்லாமைக்கும் சேர்த்து ஒன்றும் குறைத்திருக்கிறேன். ஆள் கம்மியான இடமென்றால் கிட்டே வேண்டாம், ஆளுக்கு ஒரு பூட்டு, இரண்டு ஹாஸ்ப், ஒரு கேபிள், டூ போல் டெஸ்டர் ஒன்று வாங்கிக்கொண்டு எந்த மெஷினுக்கு எந்த பிரேக்கர், எந்த வால்வு என்று ஒரு பட்டியல் போட்டு மெஷின் மேலேயே ஒட்டிவிடுங்கள். பெரிய இடமென்றால் கிட்டை வாங்கி எம்.சி.பி. கிளிப்புகளை மட்டும் பிரிக்காமல் வைத்திருங்கள், உங்கள் பேனலுக்கு ஒத்துவராவிட்டால் திருப்பித் தர வசதியாக இருக்கும்.