பால்கனியில் 40 மீட்டர் பேண்ட்: லூப்பா, விப்பா?

அமெச்சூர் ரேடியோவின் 40 மீட்டர் பேண்டில் அலைநீளம் 42 மீட்டர். பால்கனியில் ஆன்டெனாவுக்குக் கிடைப்பதோ இரண்டு மீட்டர். சிறிய ஆன்டெனாக்களுக்கு வீலரும் (1947) சூவும் (1948) கணக்கிட்டுப் போட்ட எல்லையை இங்கே யாரும் தாண்ட முடியாது. சிறிய உருவம், நல்ல திறன், அகன்ற பேண்ட்விட்த் (மறுபடி டியூன் செய்யாமல் வேலை செய்யும் அதிர்வெண் அகலம்) மூன்றும் சேர்ந்து கிடைக்காது. பேண்ட்விட்த்தை விட்டுக்கொடுத்து நான் லூப்பை (ஒற்றை வளைய ஆன்டெனா) எடுத்தேன்.

விப்புக்கு (நீட்டிய ஒற்றைக் கம்பி ஆன்டெனா) விலை குறைவு, மாட்டுவது எளிது, அடிக்கடி டியூன் செய்ய வேண்டியதில்லை. பயணத்துக்கு அதுவே போதும். ஆனால் 2 மீட்டர் விப்பின் கதிர்வீச்சுத் தடை (ரேடியோ அலையாக வெளியேறும் சக்தியைக் குறிக்கும் தடை) 0.9 ஓம்தான். அடியில் வைக்கும் 27 மைக்ரோஹென்றி காயில், க்யூ (தரக் காரணி) 200 இருந்தாலும், 6 ஓம் தின்னும். ரேடியல் (தரைக் கம்பிகள்) விரிக்க இடமில்லாத இடத்தில் தரை இழப்பை 10 ஓம் என்று வைத்தால்கூட, 100 வாட்டில் 5 வாட்தான் வெளியே போகும். மேட்சிங் எதுவும் இல்லாமலே எஸ்.டபிள்யூ.ஆர். (கேபிளும் ஆன்டெனாவும் எவ்வளவு பொருந்துகின்றன என்ற அளவு) 1:1, அதாவது 50 ஓம், காட்டினால் சந்தேகப்படுங்கள். அந்த 50 ஓமில் பெரும்பகுதி இழப்பு.

22 மி.மீ. செம்புக் குழாயில் 1 மீட்டர் விட்ட லூப்: கதிர்வீச்சுத் தடை 6 மில்லி ஓம், செம்பின் இழப்பு 32. திறன் 16%. விட்டத்தை 1.5 மீட்டராக்கினால் 39% வரை ஏறும். இது வெட்டவெளிக் கணக்கு. கிரில் கம்பியும் கான்கிரீட் இரும்பும் விழுங்குவது இடத்துக்கு இடம் மாறும்.

எல்லாமே மில்லி ஓமில் நடப்பதால், லூப்பின் தலையெழுத்து இணைப்புகளில்தான். ஒரு போல்ட் இணைப்பு களிம்பு பிடித்து 10 மில்லி ஓம் கூடினாலே திறன் 12 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஆகவே போல்ட், கிளாம்ப் வேண்டாம். குழாயை, லூப்பை டியூன் செய்யும் கெபாசிட்டரின் தகடு வரை பற்றவையுங்கள். ரோட்டரை (சுழலும் தகடுகள்) உரசித் தொடும் வைப்பர் வழியாக மின்னோட்டம் போகக்கூடாது: இரண்டு ஸ்டேட்டர்களை (நிலையான தகடுகள்) தொடராக இணைக்கும் ஸ்ப்ளிட் ஸ்டேட்டர், அல்லது பட்டர்ஃப்ளை வகை வாங்குங்கள். தேவை சுமார் 205 பிகோஃபாரட். 10 வாட்டிலேயே அதன் மேல் உச்சம் 2.5 கிலோவோல்ட், 100 வாட்டில் 8. பழைய ரேடியோ ரிசீவரின் கேங் கெபாசிட்டரில் பொறி பறக்கும். அனுப்பும்போது கை வைக்கவே கூடாது. கேபிளிலிருந்து லூப்புக்குச் சக்தி ஊட்டும் சிறு வளையத்தை 20 செ.மீ. விட்டத்தில் தொடங்கி, வடிவத்தை நெளித்து 50 ஓமுக்குக் கொண்டுவரலாம்.

80 மீட்டர் பேண்டுக்கு இதே லூப் வேண்டாம், 2 சதவீதம்கூடத் தேறாது.

கட்டி முடித்ததும் நானோவிஎன்ஏ (ஆன்டெனாவை அளக்கும் சிறு கருவி) வைத்து, மேட்ச் ஆன நிலையில், எஸ்.டபிள்யூ.ஆர். 2.6 ஆகும் இரு ஓரங்களின் இடைவெளியை அளந்து பாருங்கள். கணக்குப்படி 2.5 கிலோஹெர்ட்ஸ். 5 வந்தால் மொத்தத் தடை இரட்டித்து, திறன் பாதியாகிவிட்டது. முதலில் கெபாசிட்டர் முனைகளைப் பாருங்கள்.