கூரையில் டிஷ் ஏறி எட்டு வருஷம்: அம்மாவின் பக்திச் சேனல்கள்

எங்கள் ஊர் இலங்கை மலையகத்தில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் தகரக் கூரையில் டிஷ் ஏறி எட்டு வருஷம் ஆகிறது. வாங்கியது நாடகம் பார்க்க. ஆனால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன்னும், பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த பின்னும் அம்மா பார்ப்பது பக்திச் சேனல்தான். கூடவே உட்கார்ந்து பார்த்ததில் எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

முதலில் மழை. ஜூன், ஜூலையில் அடைமழை பிடித்தால் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். பெருமழை டிஷ் அலையை உறிஞ்சிவிடுகிறது. ஆளைக் கூப்பிட்டுத் திருப்பி வைத்தும் பெரிய பலன் இல்லை. வாங்க நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

மற்றபடி திருக்கார்த்திகை ஒன்றுக்காகவே இந்தக் காசு தகும். 2006 முதல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம். திருவண்ணாமலையில் மாலை 6 மணிக்கு மகாதீபம் ஏறும்போதே எங்கள் வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பிலும் விளக்கு ஏறும். அம்மா தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் நிற்பார். ஒரு வருஷம் ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மழை பிடித்துப் படம் போய்விட்டது. “போனைப் பாரு தம்பி, ஏத்திட்டாங்களா?” என்றார். போனிலும் சிக்னல் இல்லை. மேல் லயத்தில் யாரோ ஏற்றியதைப் பார்த்துத்தான் நாங்கள் ஏற்றினோம்.

இனி பேச்சு. தமிழ்நாட்டு பிரசங்கிகள் கதை சொல்லும் தமிழ் அம்மாவுக்குச் சட்டென்று ஒட்டிக்கொள்கிறது. திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கமிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தானே நாங்கள். கம்பவாரிதி ஜெயராஜ் போன்ற யாழ்ப்பாணத்துப் பேச்சாளர்களிடம் இலக்கியமும் சைவ சித்தாந்தமும் செறிவாக வரும். அதை அம்மா மரியாதையோடு கேட்பார். பாதியில் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார். நல்லூர்க் கந்தசாமி கோயில் தேரை மட்டும் கண் எடுக்காமல் பார்ப்பார். எதிர்க் காம்பரா (லயத்து அறை) அக்காவுக்கு ஏஞ்சல் டிவி என்ற கிறிஸ்தவச் சேனல். அதில் சாட்சி சொல்பவர்களில் எப்போதாவது ஒருவர் “இலங்கையிலிருந்து” என்றுவிட்டால் சுவரைத் தட்டி எங்களையும் கூப்பிடுவார்.

எனக்கு உறுத்துவது வேறு. இத்தனை சேனலில் எட்டு வருஷமாக ரோதை முனியைப் பற்றி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் சுழலும் சக்கரங்களான ரோதைகளைக் காக்கிற சாமி அவர். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக்கு முன்னால் கத்தியை வைத்துக் கும்பிடும் கவ்வாத்து சாமியும் அப்படித்தான். வேறு எந்த ஊரிலும் இல்லாமல், இந்த மலையில் உழைத்தவர்கள் தங்கள் வேலைக்கென்று உண்டாக்கிக்கொண்ட தெய்வங்கள். டிவியில் நாள் முழுக்க ஆகம பூஜையையே பார்த்து வளர்ந்த பிள்ளைகள், முனியாண்டிக்குச் சுருட்டு வைப்பதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். போன வருஷம் கோயில் கூட்டத்தில் “இதெல்லாம் முறை இல்லை” என்று ஒரு தம்பி எழுந்து பேசினான். அவன் தாத்தா அந்தச் சாமிக்கு முப்பது வருஷம் பூசாரியாக இருந்தவர். எனக்கு நெஞ்சு வலித்தது.

சேனல்கள் மேல் கோபம் இல்லை. அவரவர் ஊர்க் கோயிலை அவரவர் காட்டுகிறார்கள். எங்களுடையதை நாங்கள்தான் காட்ட வேண்டும்.

அதனால் இந்த மாசியில் காமன் கூத்தை நானே போனில் எடுத்தேன். கம்பம் ஊன்றியதிலிருந்து மன்மதனை எரித்து ரதி அழுகிற வரைக்கும். இருட்டில் படம் கொஞ்சம் ஆடுகிறது. ஆனால் தப்புச் சத்தம் சுத்தமாக விழுந்திருக்கிறது. அதைப் பென்டிரைவில் ஏற்றி டிவியில் போட்டேன். ரதி வந்ததும் அம்மா சத்தத்தைக் கூட்டச் சொன்னார். எதிர்க் காம்பரா அக்காவும் வந்து வாசல்படியில் உட்கார்ந்தார். வெளியே நல்ல மழை, படம் நிற்கவில்லை.