லீட் போதவில்லையா, கையில் இருப்பது கரைகிறதா?

மாத இலக்கு எட்டவில்லை என்றால் கார் ஷோரூமில் முதலில் எழும் குரல் "லீட் வரவில்லை", அதாவது கார் வாங்க விசாரிப்பவர்கள் போதவில்லை என்பதுதான். உடனே கார்தேக்கோ, கார்வாலே போன்ற தளங்களுக்கும் ஃபேஸ்புக் விளம்பரத்துக்கும் இன்னும் கொஞ்சம் பணம் போகும். அதே பணத்துக்கு வேறு வேலை இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

ஒரு ஷோரூமுக்கு மாதம் 300 விசாரணைகள் வருகின்றன, 150 பேரிடம் உருப்படியாகப் பேச முடிகிறது, 15 புக்கிங் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். விசாரணையை 400 ஆக்கினால் கணக்குப்படி 20 புக்கிங் வரவேண்டும். வராது. பேசுகிற ஆட்கள் அதே ஆட்கள்தானே. பேசப்படாத எண்கள்தான் பெருகும். 300ஐ அப்படியே விட்டு, பேசியவர்களை 200 ஆக்கினாலும் அதே 20தான் கணக்கு. இதற்கு ஆகும் செலவு, அழைப்புகளைக் கவனிக்க ஒருவரின் சம்பளம்.

வேகத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ 2011இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. இணைய விசாரணை வந்த ஒரு மணி நேரத்துக்குள் தொடர்புகொள்ள முயன்ற அமெரிக்க நிறுவனங்களுக்கு, ஒரு மணி நேரம் பிந்தியவர்களைவிட, முடிவெடுப்பவரிடம் பயனுள்ள உரையாடல் அமையும் வாய்ப்பு ஏறத்தாழ ஏழு மடங்கு இருந்தது. நம் ஊர் நிலவரம் அறிய ஃபாலோ-அப் பதிவேட்டைத் திறந்தால் போதும். பகல் 12 மணிக்கு ஓர் அழைப்பு, 12.05க்கு இன்னொன்று, பக்கத்தில் "ஆர்என்ஆர்", அதாவது மணி அடித்தும் எடுக்கவில்லை. மறுநாளும் அதே 12 மணி. அந்த நேரத்தில் அலுவலகத்தில் இருப்பவர் தெரியாத எண்ணை எதற்கு எடுக்கப்போகிறார்? முதலில் வாட்ஸ்அப்பில் தன் பெயரும் அவர் கேட்ட மாடலின் ஆன் ரோடு விலையும் அனுப்பிவிட்டு, மாலை ஏழு மணிக்கு அழைத்திருக்கலாம். மூன்றாம் நாள் பதிவேட்டில் "பிளான் டிராப்" என்று எழுதி மூடிவிடுவார்கள். வாடிக்கையாளர் திட்டத்தைக் கைவிட்டதாக அவரையே கேட்காமல் எழுதப்படும் தீர்ப்பு அது.

அடுத்தது தள்ளுபடி. எளிதான வழி, ஆனால் தள்ளுபடி இல்லாமலே வாங்கப்போகிறவருக்கும் சேர்த்தே கொடுக்க வேண்டியிருக்கும். பழைய கார் வைத்திருப்பவரிடம் அதே தொகையை எக்ஸ்சேஞ்ச் விலையில் ஏற்றிக் காட்டுவது மேல் என்பது என் கட்சி. அவர் மனக்கணக்கில் பெரிதாக நிற்பது தன் காரின் விலைதான். நடப்பதோ வேறு. தொலைபேசியில் ஒரு தொகை சொல்லி ஷோரூமுக்கு வரவழைக்கிறார்கள். மதிப்பீட்டாளர் பம்பரைத் தடவி, டயரைக் குனிந்து பார்த்து, ஒன்றும் பேசாமல் உள்ளே போய்க் குறைந்த தொகையோடு வருகிறார். எதற்கு எவ்வளவு கழித்தார் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டியிருந்தால் பேரம் நடந்திருக்கும். காட்டாததால் மனிதர் கிளம்பிவிடுகிறார். பதிவேட்டில் "விலை அதிகம்".

டெஸ்ட் டிரைவ் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஆட்டோமேட்டிக் கேட்டவருக்கு மேனுவல் வண்டியைக் கொடுத்தால் அது கணக்கில் சேராது.

விற்பனையாளர் மேல் பழி போட முடியாத காலமும் உண்டு. 2025இல் ஆடி முடியும் தறுவாயில், ஆகஸ்ட் 15 அன்று ஜிஎஸ்டி சீரமைப்பு அறிவிப்பு வந்தது. சிறிய கார்களுக்கு 28 சதவீத வரியும் அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் போய் 18 சதவீதம் நடைமுறைக்கு வந்தது செப்டம்பர் 22இல், நவராத்திரி தொடங்கிய நாளில். இடைப்பட்ட வாரங்களில் "பிறகு வாங்குகிறேன்" என்றவர் உண்மையைத்தான் சொன்னார். அப்போது கூடுதல் லீட்டும் பயனில்லை, தள்ளுபடியும் வீண். காத்திருப்பவர் பட்டியலைப் பத்திரப்படுத்தியவருக்கு நவராத்திரி முழுக்க வேலை இருந்திருக்கும்.

எந்த வழி என்று முடிவெடுக்குமுன் ஒரு சோதனை செய்யலாம். மூன்று மாதத்துக்கு முன் கைவிட்டுப்போன 50 பேரை, விற்பனைப் பிரிவில் இல்லாத ஒருவர் அழைத்து, கார் வாங்கினார்களா, எங்கே என்று மட்டும் கேட்கட்டும். பெரும்பாலோர் வேறெங்கோ வாங்கியிருந்தால், அதிலும் அதே மாடலைப் பக்கத்து ஷோரூமில் எடுத்திருந்தால், லீட்டில் குறையில்லை. விளம்பரச் செலவை நிறுத்திவைத்துப் பதிவேட்டைச் சரிசெய்யலாம். யாருமே எந்தக் காரும் வாங்கவில்லை என்றால், அப்போது லீட் விற்றவரைக் கூப்பிட்டுப் பேசுவது நியாயம்.