இசைத்தட்டுக்கு நிகரான டிஜிட்டல் எது? ஸ்ட்ரீமிங்கா, சிடியா, நாமே பதிந்த கோப்பா?

எல்.பி. இசைத்தட்டு கேட்டுப் பழகியவர்கள் டிஜிட்டலுக்கு வந்தால் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான். எல்லாம் தெளிவாகக் கேட்கிறது, ஆனால் உட்கார்ந்து கேட்கத் தோன்றவில்லை. இந்தக் குறை உண்மையானது. ஆனால் அதற்கான பழியை டிஜிட்டல் என்ற முறையின் மேலேயே போடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் இசைத்தட்டுகளை முழுக்க அனலாக் (எந்தக் கட்டத்திலும் ஒலியை எண்களாக மாற்றாதது) என்று நம்பி, அதிக விலை கொடுத்து வாங்கியவர்கள் ஏராளம். அவற்றில் பலவற்றுக்கு மூல டேப்பை முதலில் டி.எஸ்.டி. என்ற டிஜிட்டல் வடிவத்தில் பதிந்து, அதிலிருந்தே தட்டு வெட்டினார்கள் என்பது 2022இல் வெளியே வந்தது. 2011இலிருந்தே அப்படித்தான் நடந்திருக்கிறது. அத்தனை ஆண்டும் அந்தத் தட்டுகளைத் தேர்ந்த காதுகள் கொண்டாடின. அப்படியானால் அவர்களுக்குப் பிடித்த ஒலி டிஜிட்டலைத் தாண்டித்தான் வந்திருக்கிறது.

பிறகு குறை எங்கே? என் கணிப்பில் பாதி விடை மாஸ்டரிங்கில், அதாவது வெளியீட்டுக்கு முன் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்யும் வேலையில் இருக்கிறது. தட்டு வெட்டுபவருக்குக் கை கட்டுப்பட்டிருக்கும். சத்தம் கூடினால் ஊசி ஓடும் பள்ளம் அகலும், பக்கத்துக்கு இருபது நிமிடம் கொள்ளாது. பாஸ் என்ற தாழ்ந்த ஒலிகளை இடம், வலம் என்று தாறுமாறாகப் பிரித்துவிட்டால் ஊசி மேலும் கீழும் துள்ளும். அதனால் அதை நடுவில் வைப்பார்கள். சிடிக்கு இந்தத் தடை எதுவும் இல்லை. அந்தச் சுதந்திரத்தைத் தொண்ணூறுகளிலிருந்து பலர் ஒரே காரியத்துக்குத்தான் பயன்படுத்தினார்கள்: எல்லாவற்றையும் உரக்க ஒலிக்கவைப்பது. மெல்லிய இடமும் ஓங்கிய இடமும் ஒரே மட்டத்தில் நின்றால் காது சீக்கிரம் களைத்துவிடும்.

சரி, இருக்கிற வழிகளைப் பார்ப்போம்.

ஸ்ட்ரீமிங்கில் எண்களுக்குக் குறைவே இல்லை. ஆப்பிள் மியூசிக் 2021 ஜூனில் கூடுதல் கட்டணம் இல்லாமலே இழப்பற்ற ஒலியைக் கொடுத்தது. 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். ஆனால் அதே பாட்டைப் பழைய ஐபோனிலிருந்து ஆப்பிளின் லைட்னிங் அடாப்டர் வழியாகக் கேட்டால் 48 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். ப்ளூடூத் ஹெட்போன் போட்டால் வழியில் மறுபடியும் சுருக்கப்படும். இதுகூடப் பரவாயில்லை. எனக்கு ஸ்ட்ரீமிங்கில் பெரிய குறை, எந்தப் பதிப்பு காதில் விழுகிறது என்பது நம் கையில் இல்லாததுதான். நேற்று இருந்த பழைய மாஸ்டர் இன்று 'ரீமாஸ்டர்' ஆகியிருக்கும். பழைய தமிழ்ப் பாடல்களில் இது இன்னும் மோசம். இரைச்சலை நீக்குகிறோம் என்று தம்புராவின் ரீங்காரத்தையும் ஜால்ரா ஓசை தேய்ந்து மறையும் வாலையும் சேர்த்துத் துடைத்துவிட்ட பதிப்புகள் நிறைய இருக்கின்றன. புதிய பாட்டைத் தேடிக் கண்டுபிடிக்க ஸ்ட்ரீமிங்கை மிஞ்ச ஆளில்லை. தட்டின் இடத்தில் வைக்க எனக்கு அது போதாது.

சிடியைவிட உயர்ந்த எண்கள் கொண்ட ஹை-ரெஸ் கோப்புகளையும், அதே வகை வட்டான எஸ்.ஏ.சி.டி.யையும் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. 2007இல் அமெரிக்காவின் ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டி இதழில் வந்த ஒரு சோதனையில், ஹை-ரெஸ் ஒலியைச் சிடி தரத்துக்கு இறக்கிக் கேட்கவைத்தார்கள். எது மூலம், எது இறக்கியது என்று 554 முறையில் 276 முறைதான் சரியாகக் கண்டுபிடித்தார்கள். காசு சுண்டிப் போட்டாலும் அவ்வளவுதான் வரும். ஆனால் அந்த ஹை-ரெஸ் வட்டுகள் பலவும் வழக்கமான சிடிகளைவிட நன்றாக ஒலித்தன என்றும் அந்த ஆய்வாளர்களே எழுதினார்கள். காரணம் அக்கறையான மாஸ்டரிங். ஆகவே எண்ணுக்காக வாங்காதீர்கள், நல்ல மாஸ்டருக்காக வாங்கலாம்.

சிடிக்கு நான் கொஞ்சம் வக்காலத்து வாங்கத்தான் போகிறேன். 1982இல் வந்த 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் கணக்கு இன்றைக்கும் மனிதக் காதுக்குப் போதும். அதன் டைனமிக் ரேஞ்ச், அதாவது மிக மெல்லிய ஒலிக்கும் மிக ஓங்கிய ஒலிக்கும் உள்ள இடைவெளி, 96 டெசிபல். நல்ல தட்டே எழுபதை எட்டினால் பெரிய விஷயம். உரக்கப் போடும் பழக்கம் பரவுவதற்கு முன் வந்த பழைய சிடிகளைத் தேடுங்கள். இளையராஜா ரசிகர்கள் ஓரியண்டல் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் பழைய சிடிகளை விடாமல் துரத்துவது வெறும் ஞாபகப் பற்றால் அல்ல. எடுத்து, அட்டையைப் படித்து, போட்டு, முழுசாகக் கேட்கிற வழக்கமும் இதில் தங்குகிறது. கணினியில் ஃபிளாக் என்ற இழப்பற்ற கோப்பாக ரிப் செய்து (நகலெடுத்து), டிஜிட்டலை ஒலி மின்னலையாக மாற்றும் சில ஆயிரம் ரூபாய் டாக் ஒன்றின் வழியாக ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்தாலும் தரம் குறையாது. ஒப்பிடும்போது இரண்டின் வால்யூமையும் சமமாக்கிக்கொள்ளுங்கள். துளி உரக்க ஒலிப்பதைக் காது 'நல்லது' என்று சொல்லிவிடும்.

இருந்தாலும் எல்.பி.யின் திருப்தியை அப்படியே தருவது எது என்று கேட்டால், அந்த எல்.பி.யையே டிஜிட்டலாகப் பதிந்த கோப்புதான். அதற்குத் தேவை டர்ன்டேபிள், அதன் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ ப்ரீஆம்ப், கணினிக்குள் பதிய ஒரு யூ.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ்; பதிவது 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில். சுருக்காமல் வைத்தால் 45 நிமிடத் தட்டுக்கு ஒன்றரை ஜி.பி. ஆகும். ஊசியைத் தாங்கும் அதே கார்ட்ரிட்ஜின் இதம், பாட்டுக்கு முன் வரும் லேசான சரசரப்பு எல்லாம் அப்படியே வந்துவிடும். நல்ல சிடி வெளியாகவே இல்லாத பழைய படங்களுக்கு இதைவிட்டால் வேறு வழியும் இல்லை.

தட்டின் குறைகளும் கூடவே வரும் என்பதையும் சொல்லியாக வேண்டும். வெளி விளிம்பில் ஊசிக்கடியில் நொடிக்குச் சுமார் 50 செ.மீ. ஓடும் பள்ளம், லேபிளுக்கு அருகே 21 செ.மீ.தான் ஓடுகிறது. அதனால் ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டிலும் 'ஸ', 'ச' எழுத்துகள் சீறும். வழக்கமான எலிப்டிகல் முனை ஊசியிலிருந்து இன்னும் நுண்மையான மைக்ரோலைன் முனை ஊசிக்கு மாறினால் இது வெகுவாகக் குறையும். பதிவதற்கு முன் தட்டை ஈரத்தில் கழுவுங்கள், கிளிக் சத்தங்களைக் கையால் மட்டும் நீக்குங்கள், தானியங்கி இரைச்சல் நீக்கியைத் தொடவே தொடாதீர்கள். அப்புறம், ஒரு பக்கத்தைப் பாட்டுப் பாட்டாக வெட்டாமல் ஒரே கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பாட்டுக்குத் தாவ விரல் போகாது.