‘நூறு வருஷம் தாங்கும்’ பிரிண்ட், இரண்டு வருஷத்தில் வெளுத்த கதை

அப்பா அம்மாவின் கல்யாணப் படம் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான். நெகட்டிவ் கிடையாது. மூலை மடங்கி, கறை படிந்து கிடந்ததை ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து, ஸ்கேன் செய்து, சரிபண்ணி, பெரிதாகப் பிரிண்ட் போட்டு வாங்கினேன். “ஆர்க்கைவல் பிரிண்ட் சார், நூறு வருஷத்துக்கு அசையாது” என்றார் கடைக்காரர். ‘ஆர்க்கைவல்’, அதாவது நெடுங்காலம் கெடாதது என்ற அந்த ஒரு வார்த்தைக்காக மூன்று மடங்கு காசு கொடுத்தேன். அந்த வார்த்தையை யார் வேண்டுமானாலும் எதன்மேலும் ஒட்டிக்கொள்ளலாம் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

இரண்டாவது வருஷமே அம்மாவின் பச்சைப் புடவை மஞ்சளடித்துப் போனது. முகங்களில் ஒரு செம்மை. சுவர் ஈரமோ என்று ஃப்ரேமைப் பிரித்துப் பார்த்தேன். கீழே, சட்டம் மறைத்திருந்த அரை விரல் அகலத்துக்கு மட்டும் புடவை பச்சைப்பசேலென்று இருந்தது!

விசாரித்ததில், அது நிறத்துகள்களால் ஆன, எளிதில் வெளுக்காத பிக்மென்ட் இங்க் இல்லை, கரைந்த சாயத்தாலான டை இங்க். சட்டென்று உலர்வதற்காக நுண்துளைகளோடு செய்த பளபளப்புக் காகிதம் வேறு. அந்தத் துளைகள் வழியே காற்றிலுள்ள ஓசோன் சாயத்தைத் தின்றுவிடும். பெரும்பாலும் சயான் என்கிற பச்சை கலந்த நீலம்தான் முதலில் போகும்; அது போனால் பச்சையில் மஞ்சள்தான் மிஞ்சும். வெளிச்சம் தன் பங்குக்கு. கண்ணாடி போட்டிருந்தால் கொஞ்சம் தாக்குப்பிடித்திருக்கும். “க்ளேர் அடிக்கும், வேண்டாம்” என்று சொன்னதும் அதே கடைக்காரர்தான்.

நூறு வருஷக் கணக்கு எங்கிருந்து வருகிறது? அச்சுப் படங்களின் ஆயுளைச் சோதிக்கும் வில்ஹெல்ம் ஆய்வகம் தினமும் 12 மணி நேரம், 450 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம், கண்ணாடிக்குள் என்று நிபந்தனை வைத்துத்தான் வருஷம் சொல்கிறது. கண்ணாடி இல்லாவிட்டால் வேறு எண், இருட்டில் ஆல்பத்துக்குள் என்றால் வேறு எண். அதுவும் குறிப்பிட்ட இங்க், குறிப்பிட்ட காகித ஜோடிக்கு மட்டும். விலை குறைந்த மாற்று இங்க்கை ஊற்றி அடித்தால் அந்த எண் செல்லாது. ஜன்னலோரத்தில் மாட்டினால் 450 லக்ஸ் எந்த மூலைக்கு?

திரும்பப் போய்க் கேட்டேன். “உங்க வீட்டு வெளிச்சம் சார்.” பில்லில் ‘போட்டோ - 1’ என்று மட்டும் இருந்தது, வாதாட ஒன்றுமில்லை. சரி, சரிபண்ணிய ஃபைலையாவது கொடுங்கள் என்றால், அதை எப்போதோ அழித்துவிட்டார்களாம். அதுதான் இன்னும் ஆறவில்லை.

பிரிண்ட் போடக் கொடுப்பவர்கள் இங்க் வகையையும் காகிதத்தின் பெயரையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். ஃபைலை அன்றைக்கே பென்டிரைவில் வாங்கிவிடுங்கள். பழைய படத்தை மறுபடி ஸ்கேனுக்குக் கொடுக்க எடுத்தேன். பீரோவுக்குள் இருட்டில் கிடந்ததில், கறைக்கு நடுவிலும் புடவை பச்சையாகவே இருக்கிறது.