பாரிமுனை: கல்லுக்குத் தெற்கா, வடக்கா?

ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் மெரினாவையும் தி.நகரையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். "உங்க பக்கம் என்னதான் இருக்கு?" என்று கேட்கும்போதுதான் வண்ணாரப்பேட்டைக்காரனான எனக்கு வேலை வரும். போன மாதம் மதுரையிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, மாசி வீதி என்று அடுக்கடுக்காக இருக்கும் ஊரில் வளர்ந்தவர். "உங்க மெட்ராசுக்கு நடு எதுப்பா?" என்றார். யோசித்துப் பார்த்து, பாரிமுனைக்குக் கூட்டிப் போனேன்.

பாரிமுனையில் யாரும் நிற்கமாட்டார்கள், பஸ் மாறுவார்கள். கண்டக்டர் வாயில் அது 'பாரீஸ்'. 1788-இல் இங்கே வியாபாரம் தொடங்கிய வேல்ஸ்காரர் தாமஸ் பாரியின் பெயர்தான் அப்படி ஆகிக் கிடக்கிறது. அவர் தொடங்கிய கம்பெனி 1940-இல் கட்டிய டேர் ஹவுஸ் இன்னும் மூலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதன் ஓரமாக ஒரு கல்தூண் உண்டு. முப்பது வயது வரை நான் அதைக் கவனித்ததே இல்லை. 1773-இல் நட்ட ஆறு எல்லைத் தூண்களில் மிச்சம் இருப்பது இது ஒன்றுதான்.

எதற்கு எல்லை? 1746-இல் ஆங்கிலேயர்களின் ஜார்ஜ் கோட்டை பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போய்த் திரும்பி வந்தது. 1758-இல் மறுபடி முற்றுகை. கோட்டைச் சுவரை ஒட்டியே நம் ஆட்கள் குடியிருந்த பழைய கறுப்பர் நகரத்தின் வீடுகளும் கோயிலும் எதிரி ஒளிந்து சுட வசதியாக இருக்கும் என்று இடிபட்டன. அங்கிருந்தவர்கள் வடக்கே தள்ளிப் போய்க் குடியேறினார்கள். தூணுக்குத் தெற்கே எதுவும் கட்டக் கூடாது என்று வெட்டவெளியாக விட்டார்கள். வடக்கே வளர்ந்த ஊருக்கு 1911-இல் ஜார்ஜ் டவுன் என்று பெயர் வைத்தார்கள். ஆகவே பாரிமுனையைப் பார்க்க இரண்டு வழி: தூணுக்கு முதுகைக் காட்டித் தெற்கே போகலாம், அல்லது வடக்கே தெருக்களுக்குள் நுழையலாம். ஒரே காலையில் இரண்டும் ஆகாது. நான் முயன்றிருக்கிறேன், கால்தான் வீங்கியது.

கண்ணுக்கு அழகு தெற்குப் பக்கம்தான், அதில் சந்தேகமே வேண்டாம். சும்மா கிடந்த அந்த வெளியில் பின்னால் வந்ததுதான் 1892-இல் திறந்த உயர் நீதிமன்றம். சிவப்புச் செங்கல், குவிமாடம் குவிமாடமாக ஏறிப் போகும் உச்சி. 1894 முதல் 1977 வரை அந்த உச்சியில்தான் ஊரின் கலங்கரை விளக்கம் எரிந்தது. அதற்கு முன்பிருந்த 1844-ஆம் வருஷத்து விளக்குத் தூணும் அதே வளாகத்தில் நிற்கிறது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சுட்டதற்கான நினைவுக்கல் கிழக்கு மதிலில் இருக்கிறது. சுட்டது சில நிமிஷம்தான். ஆனால் ஊர் மூட்டை முடிச்சோடு ஓடியது. இன்றைக்கும் விவகாரமான ஆளை "எம்டன்டா அவன்" என்கிறோம். பக்கத்தில் பழைய சட்டக் கல்லூரிக் கட்டடம். அங்கே யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த கவர்னர் எலிஹு யேல், தன் குழந்தை டேவிட்டைப் புதைத்த சமாதி இருக்கிறது. இன்னும் தெற்கே போனால் கோட்டை, 1680-இல் திறந்த புனித மேரி தேவாலயம், அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் திறக்காது, போய் ஏமாறாதீர்கள்.

இந்தப் பக்கம் எல்லாமே வாசல், காவல், அனுமதிச் சீட்டு. அடையாள அட்டை எடுத்துப் போகாமல் ஒருமுறை ஒரு வாசலோடு திரும்பினேன், தப்பு என்னுடையதுதான். நீதிமன்ற வளாகத்தில் ஒரு வேடிக்கையான வழக்கம்கூட உண்டு: வருஷத்தில் ஒரு நாள் எல்லா வாசல்களையும் சாத்திவிடுவார்கள். குறுக்கே நடந்து பழகிய பொதுஜனம் 'இது எங்கள் வழி' என்று உரிமை கொண்டாடிவிடக் கூடாதாம்! வெயிலில் நடை நீளம், இடையில் உட்கார இடமில்லை, காபி குடிக்கக்கூட வெளியே வர வேண்டும். உண்மையைச் சொன்னால், இதில் பாதியை பஸ்ஸின் ஜன்னல் சீட்டிலிருந்தே பார்த்துவிடலாம்.

வடக்கே அப்படிப் பார்க்க முடியாது. உள்ளே போய்த்தான் ஆக வேண்டும். தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள். ஆதியில் கோட்டைப் பக்கம் இருந்தவள் என்பார்கள். 1677-இல் சத்ரபதி சிவாஜி வந்து கும்பிட்டதைக் கோயிலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டு தெரு தள்ளி அரண்மனைக்காரத் தெரு. அங்கே எந்தக் காலத்திலும் அரண்மனை இருந்ததில்லை. ஆர்மேனியக்காரர்கள் தெரு நம் நாக்கில் புரண்டு புரண்டு அரண்மனை ஆகிவிட்டது. 1772-இல் எழுப்பிய ஆர்மேனியன் சர்ச்சுக்குள் காலை வைத்ததும் தெருச் சத்தம் அறுந்துவிடுகிறது. நடக்கும் தரையிலேயே கல்லறைக் கற்கள், அவற்றில் வளைந்து வளைந்து ஓடும் ஆர்மேனிய எழுத்து. சித்தப்பா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். உலகத்தின் முதல் ஆர்மேனிய மொழிப் பத்திரிகை 1794-இல் வந்தது இந்த மெட்ராசில்தான். அதை நடத்திய பாதிரியாரின் கல்லறையும் அங்கேதான். மதியத்துக்குள் போய்விடுங்கள், அப்புறம் கதவு சாத்தியிருக்கும். அடுத்தாற்போல் அந்தோணியார் கோயில். செவ்வாய்க்கிழமையானால் மெழுகுவத்தியோடு எல்லா மதத்துக்காரர்களும் நிற்பார்கள்.

பிராட்வேயைத் தாண்டி தேவராஜ முதலித் தெருவுக்குப் போனால் கதை ஒட்டிக்கொள்ளும். வளையல், தோரணம், பூஜைச் சாமான் தொங்கும் கடைகளுக்கு நடுவே, விட்டால் தவறிப்போகும் வாசல். சென்னகேசவப் பெருமாளும் சென்ன மல்லீசுவரரும் பக்கத்துப் பக்கத்துச் சன்னதி. ஊர்க்காரர்களுக்குப் 'பட்டணம் கோயில்'. இன்றைய உயர் நீதிமன்றம் இருக்கும் இடத்தில் இருந்து இடிபட்ட கோயில் இதுதான். 1760-களில் வேறு இடம் கொடுத்து, மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று திரும்பக் கட்டினார்கள்.

சித்தப்பா கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். "அப்போ நடுவைத் தூக்கி இங்கே வெச்சிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு, மீன்பாடி வண்டி ஒன்று மணியடித்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

வடக்குப் பக்கத்தின் குறையையும் சொல்லிவிட வேண்டும். நடைபாதை என்று ஒன்றும் கிடையாது. சாக்கடை வாடை உண்டு. முதுகில் மூட்டையோடு வருகிறவர் "ஓரம் ஓரம்" என்றால் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். மூட்டு வலிக்காரர்களையும் சின்னக் குழந்தைகளையும் தெற்கே கூட்டிப் போவதே நல்லது. மற்றவர்களுக்கு என் ஓட்டு வடக்குக்குத்தான்.

ராயபுரத்தை ஏன் விட்டாய் என்று நம்மவர்கள் சண்டைக்கு வருவார்கள். பேதுருவுக்குத் தமிழில் இராயப்பர், அவர் பெயரில் புரம். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பிய ஸ்டேஷன் இன்னும் தூண்களோடு நிற்கிறது. ஆனால் அதைப் பாரிமுனையோடு சேர்த்து அடைக்காதீர்கள். விடியற்காலையில் காசிமேட்டில் மீன் இறங்குவதைப் பார்த்துவிட்டு, அப்படியே போக வேண்டிய ஊர் அது.

எந்த நாள் என்பதுதான் கடைசிக் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை மொத்தக் கடைகள் மூடியிருக்கும். தெரு காலி, கட்டடங்களின் மாடிகளைக்கூட நிதானமாகப் பார்க்கலாம். ஆனால் கல்யாணம் முடிந்த மறுநாள் மண்டபம் மாதிரி இருக்கும். வேலை நாளில் எட்டரை மணிக்கே உயர் நீதிமன்றம் மெட்ரோவில் இறங்கிவிட்டால் கூட்டம் கூடுவதற்குள் கோயில்களும் சர்ச்சும் முடிந்துவிடும். பிறகு கந்தகோட்டம் வழியாக சௌகார்பேட்டை, சுடச்சுடக் கச்சோரி.

நாங்கள் போனது ஞாயிற்றுக்கிழமை. கச்சோரியைப் பிட்டுக்கொண்டே சித்தப்பா, "அடுத்த தடவை சித்தியையும் கூட்டிட்டு வாரேன், ஆனா வேலை நாள்ல" என்றார். கோயிலுக்கா என்று கேட்டேன். ஆண்டர்சன் தெருவுக்காம். தங்கைக்குத் தை மாதம் கல்யாணம், பத்திரிகை அங்கே மலிவு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.